வாசகர் கேள்வி: அமைதி காக்கப் போனவர் சுடலாமா?

சென்ற இதழில் கொங்கோ பற்றி வந்த கட்டுரை, "காக்கப் போன படை போரில் இறங்கிய நாளிலேயே தன் கொள்கையை விற்றுவிட்டது" என்று முடிந்திருந்தது. அந்த ஒரு வரிக்காக வந்த கடிதங்களே இம்முறை இந்தப் பகுதியை நிரப்பிவிட்டன. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: சமாதானத்துக்காகப் போகிறவர்கள் துப்பாக்கி தூக்கினால் அவர்களுக்கும் சண்டைக்காரர்களுக்கும் என்ன வேறுபாடு? அந்தக் கட்டுரை சொன்னது சரிதானே? (ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹட்டன்)

பதில்: அந்த வரியோடு நாங்கள் உடன்படவில்லை, டீச்சர். சுட்டது என்பதற்காக மட்டும் ஒரு படை கொள்கை தவறியதாக ஆகிவிடாது. யாரைக் காக்கச் சுட்டது, யாருடைய சம்மதத்தோடு அங்கே நின்றது, எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டது என்பவற்றைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஐ.நா. அமைதி காப்புக்கு மூன்று அடிப்படைகள் உண்டு. மோதும் தரப்புகளின் சம்மதம் ஒன்று. பக்கச்சார்பின்மை இரண்டாவது. தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காப்பதற்கும் தவிர வேறெதற்கும் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது மூன்றாவது. 1948இல் பலஸ்தீனத்துக்குப் போன முதல் குழு ஆயுதமில்லாத கண்காணிப்பாளர் குழு. 1956இல் சூயஸ் நெருக்கடியின்போதுதான் ஆயுதம் தாங்கிய படை முதன்முதலாகப் போனது. அன்று முதலே அந்த மூன்றாவது அடிப்படைக்குள் சுடுவதற்கு ஓர் ஒடுக்கமான வழி திறந்துதான் இருந்தது. பின்னாளில் அதை அகலமாக்கியது பாதுகாப்புச் சபை.

கொங்கோவையே எடுத்துக்கொள்வோம். 1960 ஜூலையில் அங்கே போன ஐ.நா. படை, உச்சத்தில் ஏறத்தாழ 20,000 பேரைக் கொண்டிருந்தது. உள்நாட்டு அரசியலில் தலையிடாமல் நிற்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. பிரதமர் லுமும்பா பிடிபட்டுத் துன்புறுத்தப்பட்டு 1961 ஜனவரி 17 அன்று கொல்லப்பட்டபோதும் அந்தக் கட்டளை மாறவில்லை. அதற்கு அடுத்த மாதம், பெப்ரவரி 21 அன்று நிறைவேறிய 161ஆம் தீர்மானம்தான், உள்நாட்டுப் போரைத் தடுக்கக் கடைசி வழியாகப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்றது. நவம்பரில் வந்த 169ஆம் தீர்மானம், கொங்கோவிலிருந்து தனியாகப் பிரிந்துபோன கட்டாங்கா மாகாணத்தின் வெளிநாட்டுக் கூலிப்படையினரைப் பிடிக்கவும் பலம் பயன்படுத்த அனுமதித்தது. பிரிவினை 1963 ஜனவரியில் முடிந்தது. படை அங்கிருந்த நான்கு வருடங்களில் சுமார் 250 ஐ.நா. பணியாளர்கள் உயிரிழந்தார்கள்.

அங்கே பிழை நடக்கவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1961 செப்டம்பரில் கட்டாங்காவில் தொடங்கிய தாக்குதலுக்குத் தலைமையகம் முழு அனுமதி கொடுத்திருந்ததா என்ற சர்ச்சை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஜடோவில் என்ற சிறு நகரில் நின்ற சுமார் 150 அயர்லாந்துப் படையினர் சில நாள் முற்றுகைக்குப் பிறகு, தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்து சரணடைய நேர்ந்தது. உதவிக்குப் போன அணியால் அவர்களை எட்ட முடியவில்லை. அதே வாரம், செப்டம்பர் 18 அன்று, போர்நிறுத்தம் பேசப் புறப்பட்ட செயலாளர் நாயகம் ஹமர்ஷீல்ட் விமான விபத்தில் இறந்தார். சண்டைக்கு என்று ஆயத்தப்படுத்தாத படையை ஒரே இரவில் சண்டைக்குத் திருப்பியதன் விலை இது. கட்டுரையாளர் இதைச் சுட்டிக்காட்டியிருந்தால் நாமும் தலையாட்டியிருப்போம்.

கேள்வி: ஐ.நா. சிப்பாய் ஒருவர் எப்போது சுடலாம் என்று எழுதி வைத்த விதி ஏதாவது இருக்கிறதா? அரசறிவியல் பாடத்துக்கு உதவும். (உயர்தர மாணவன், பொகவந்தலாவை)

பதில்: இருக்கிறது தம்பி. மூன்று படியாக விளங்கிக்கொள்ளுங்கள்.

மேலே இருப்பது பாதுகாப்புச் சபையின் தீர்மானம். படை எதற்காகப் போகிறது என்பதை அது சொல்லும். ஐ.நா. சாசனத்தின் 6ஆம் அத்தியாயம் பேசித் தீர்ப்பது பற்றியது. 7ஆம் அத்தியாயம் பலத்தைக் கொண்டு நிறைவேற்றுவது பற்றியது. அமைதி காப்பு என்ற ஏற்பாடு சாசனத்தில் எங்கும் எழுதப்படவில்லை, இரண்டுக்கும் இடையில் தானாக வளர்ந்தது. பொதுமக்களைக் காக்கும் பணி வெளிப்படையாக முதன்முதல் எழுதப்பட்டது 1999இல், சியரா லியோனுக்கான 1270ஆம் தீர்மானத்தில். பரீட்சைக்கு அந்த ஆண்டும் தீர்மானத்தின் எண்ணும் முக்கியம்.

அடுத்த படி, அந்தந்தப் பணிக்கென்று தலைமையகம் எழுதும் பலப் பிரயோக விதிகள். எந்த ஆயுதத்தை, எந்தச் சூழலில், யாருடைய கட்டளையோடு என்று அதில் இருக்கும். மூன்றாவது, அந்த விதிகளின் சுருக்கம் அச்சிட்ட ஒரு சிறு அட்டை. அதைச் சிப்பாய் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

அந்த அட்டையில் பொதுவாக இருக்கும் ஒழுங்கு இது. ஆயுதத்தோடு ஒருவர் நெருங்கினால் முதலில் பேசித் தடுக்க வேண்டும், அல்லது குறுக்கே நின்று தடுக்க வேண்டும். பிறகு அந்த ஊர் மொழியில், "ஐ.நா. படை, நில், இல்லாவிட்டால் சுடுவேன்" என்று உரத்துச் சொல்ல வேண்டும், விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் ஆயுதத்தைச் சுடத் தயார்நிலைக்குக் கொண்டுவந்து காட்டலாம். பிறகு ஆளில்லாத பக்கமாக எச்சரிக்கை வேட்டு. அதற்குப் பிறகே குறிபார்த்துச் சுடலாம், அதுவும் தேவையான அளவுக்குத்தான். ஒரு கணம் தாமதித்தாலும் உயிர் போய்விடும் என்ற நிலையில் மட்டும் எச்சரிக்கை இல்லாமல் சுடலாம். மிரட்டல் ஓய்ந்ததும் சுடுவதை நிறுத்த வேண்டும். காயப்பட்டவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் முதலுதவி கொடுக்க வேண்டும். நடந்ததை எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

எங்கே பிழைக்கிறது என்றால், பெரும்பாலும் அட்டையில் அல்ல. சிப்பாய்க்கு ஊர் மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் முகாமில் இருப்பார். காயப்பட்டால் தூக்கிப்போக ஹெலிகொப்டர் இருக்காது. அது இல்லாத இடத்தில் எந்த அதிகாரியும் தன் பிள்ளைகளை முன்னே அனுப்பத் தயங்குவார். எல்லாவற்றையும்விட மோசமானது, படை அனுப்பிய நாடுகள் வைக்கும் மறைமுக நிபந்தனைகள். களத்தில் ஐ.நா. தளபதி கட்டளையிட்டாலும், அந்தந்த அணித் தலைவர் முதலில் தன் நாட்டுத் தலைநகருக்குத் தொலைபேசி எடுப்பார். "வேண்டாம்" என்று பதில் வந்தால் கட்டளை அங்கேயே நின்றுவிடும். 2014இல் ஐ.நா.வின் உள்ளக மேற்பார்வை அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டை ஒரு தரம் பாருங்கள். 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் தாக்கப்பட்டதாகப் பதிவான 507 சம்பவங்களில், படை உடனே செயற்பட்டது 101இல் மட்டும்.

கேள்வி: சுடாமல் நின்றால் நடுநிலை காத்ததாக ஆகாதா? (கூட்டுறவுச் சங்க ஊழியர், பண்டாரவளை)

பதில்: பண்டாரவளையிலிருந்து இப்படிக் கேட்பதால் பிந்துனுவெவையை நினைக்காமல் பதில் எழுத முடியவில்லை. 2000 ஒக்டோபர் 25 காலையில் அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஆயுதந் தரித்த பொலிஸார் அந்த இடத்திலேயே இருந்தார்கள். காக்க வேண்டியவர் கையில் துப்பாக்கியும் அதிகாரமும் இருந்து, கொலையாளிகளின் வழியை மறிக்காமல் நின்றதை நடுநிலை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். வழக்கு மேன்முறையீடு வரை போய், குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் எஞ்சியிருந்தவர்களும் 2005இல் விடுதலையானார்கள்.

ருவாண்டாவில், துட்சி இனத்தவர்மீதான இனப்படுகொலையின்போது, இதுவே பன்மடங்காக நடந்தது. 1994 ஏப்ரல் 7 அன்று பிரதமருக்குக் காவல் போன ஐ.நா. படையின் 10 பெல்ஜியர்கள் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திருப்பி அழைத்தது. கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பாடசாலையில் அந்தப் படையை நம்பிச் சுமார் 2,000 பேர் ஒதுங்கியிருந்தார்கள். பள்ளிக்கு வெளியே ஆயுதக்காரர்கள் காத்து நின்றது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 11 அன்று படை வண்டிகளில் ஏறிப் புறப்பட்டது. அன்றே படுகொலை தொடங்கியது. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புச் சபை 912ஆம் தீர்மானத்தால் சுமார் 2,500 பேர் கொண்டிருந்த படையை 270 ஆகக் குறைக்க முடிவு செய்தது. ஜனவரியிலேயே அங்கிருந்த ஐ.நா. படைத் தளபதி டலேர் ஆயுதக் கிடங்குகளைச் சோதனையிட அனுமதி கேட்டுத் தந்தி அனுப்பியிருந்தார். அது பணி எல்லைக்கு அப்பாற்பட்டது என்று நியூயோர்க்கிலிருந்து மறுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா நகரம். 1993 ஏப்ரலில் 819ஆம் தீர்மானம் அதைப் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தது. அப்படியான பிரதேசங்களை உண்மையில் காக்க 34,000 படையினர் தேவை என்று தளபதிகள் கணக்குக் கொடுத்தார்கள். சபை அனுமதித்தது 7,600. ஸ்ரெப்ரெனிகாவில் நின்ற டச்சு அணி சில நூறு பேர்தான். எரிபொருளும் போதவில்லை, கனரக ஆயுதமும் போதவில்லை. 1995 ஜூலை 11 அன்று நகரம் விழுந்தது. அதன்பின் ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். 350 ஆண்களை முகாமிலிருந்து வெளியேற்றியதில் டச்சு அரசுக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று 2019இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதை 10 சதவீதமாக நிர்ணயித்தது.

ஆட்ட நடுவர் யார் பக்கமும் சேர மாட்டார், ஆனால் தப்பாட்டம் ஆடினால் விசில் ஊதுவார். பக்கச்சார்பின்மை என்று ஐ.நா. இன்று சொல்வது அதைத்தான். கொள்கைக்குத் துரோகம் நடந்தது எங்கே என்று எங்களைக் கேட்டால், சுட்ட கட்டாங்காவைவிட, சுடாமல் வண்டியேறிய கிகாலியைத்தான் முதலில் காட்டுவோம். "உங்களைக் காப்போம்" என்று சொல்லி மக்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டுப் போனது, வராமலே இருந்திருப்பதைவிடக் கொடியது.

கேள்வி: அப்படியானால் 1987இல் வந்த இந்திய அமைதிப்படை சண்டை பிடித்ததும் சரியா? (வியாபாரி, மாத்தளை; இதே கேள்வியைப் பதுளையிலிருந்தும் இருவர்)

பதில்: சரியில்லை. காரணத்தை ஆறுதலாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே கோணல் சண்டைக்கு முன்னரே, ஒப்பந்தத் தாளிலேயே இருந்தது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஜே.ஆர். ஜெயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கையொப்பமிட்டார்கள். 48 மணித்தியாலத்தில் போர்நிறுத்தம், அதிலிருந்து 72 மணித்தியாலத்தில் ஆயுதக் கையளிப்பு என்பது ஏற்பாடு. தேவைப்பட்டால் போர்நிறுத்தத்தை உறுதிப்படுத்தவும் நிறைவேற்றவும் இந்திய அமைதி காக்கும் அணியை ஜனாதிபதி அழைக்கலாம் என்று இணைப்பில் இருந்தது. ஆயுதத்தைக் கையளிக்க வேண்டிய விடுதலைப் புலிகள் அதில் கையொப்பமிடவில்லை. ஐ.நா.வின் ஆணையும் இல்லை. சம்மதம் என்ற முதல் அடிப்படை இரண்டு அரசுகளிடம் மட்டும் இருந்தது.

மலையக வாசகர்கள் அதே தாளில் இன்னொரு வரியையும் கவனிக்க வேண்டும். இலங்கையிலிருக்கும் இந்தியக் குடியுரிமை பெற்றவர்களைத் திருப்பி அழைப்பதைத் துரிதப்படுத்துவதாக இந்தியா அதில் ஒப்புக்கொண்டது. வடக்குக் கிழக்கின் சமாதானத்துக்கு எழுதிய தாளில், லயத்தில் இருந்த நம் குடும்பங்களின் பயணமும் தீர்மானமானது. நம்மிடமும் யாரும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 5 அன்று பலாலியில் ஆயுதக் கையளிப்பு அடையாளமாக நடந்தது. செப்டம்பர் 26 அன்று உண்ணாவிரதத்தில் திலீபன் இறந்தார். ஒக்டோபர் 5 அன்று பலாலியில் தடுத்து வைக்கப்பட்டிருந்த புலிகளின் உறுப்பினர்களில் 12 பேர் நஞ்சருந்தி இறந்தார்கள். அதையடுத்து கிழக்கில் சிங்களக் குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபர் 10 அன்று இந்தியப் படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் நடவடிக்கையைத் தொடங்கியது. ஜூலை இறுதியில் மாலையோடு வரவேற்கப்பட்ட படை, மூன்று மாதம் ஆகுமுன் அதே தெருக்களில் ஷெல் அடித்தது.

மேலே சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். யாரைக் காக்கச் சுட்டது? சண்டை, ஒரு தரப்பின் ஆயுதத்தைப் பறிக்கவும் ஒரு நகரத்தைப் பிடிக்கவும் நடந்தது; நடுவில் அகப்பட்டவர்கள் காக்கப்பட வேண்டிய அதே மக்கள். ஒக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் படை புகுந்தபோது நோயாளரும் வைத்தியரும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். பக்கச்சார்பின்மை என்னவானது? 1989இல் புலிகளுக்கு எதிரான தமிழ்க் குழுக்கள் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்களைப் பலவந்தமாகச் சேர்த்தபோது, இந்தியப் படை அதற்குத் துணையாக நின்றது. எங்கே நிறுத்திக்கொண்டது? தானாக நிறுத்தவில்லை. ஜனாதிபதி பிரேமதாச வெளியேறச் சொன்ன பிறகு, 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி கப்பலேறியது. அதற்குள் 1,100க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் என்ன வேலைக்கு வந்தோம் என்று தெளிவாகச் சொல்லப்படாமலே வந்த கிராமத்துப் பிள்ளைகள். அவர்களுக்காகவும் வருந்தத்தான் வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் கொடுத்த நாடே அமைதிப்படையையும் அனுப்பினால், ஒப்பந்தம் முறியும்போது அந்த நாட்டின் கௌரவமும் முறிகிறது. அப்போது படை மக்களை விட்டுவிட்டுக் கௌரவத்தைக் காக்கத் தொடங்கிவிடும். அண்டை நாட்டுப் படையை ஐ.நா. சாதாரணமாகத் தவிர்த்து வந்தது இந்தக் காரணத்தால்தான்.

கேள்வி: சண்டை பிடிப்பதற்கென்றே ஐ.நா. ஒரு படையணி வைத்திருந்ததாமே? (தபால் ஊழியர், தலவாக்கலை)

பதில்: உண்மை. 2012 நவம்பர் 20 அன்று எம்23 என்ற ஆயுதக் குழு கிழக்குக் கொங்கோவின் கோமா நகரைப் பிடித்தது. பெரிய ஐ.நா. படை நாட்டில் இருந்தும் தடுக்கவில்லை. அந்த அவமானத்துக்குப் பிறகு, 2013 மார்ச் 28 அன்று 2098ஆம் தீர்மானம் ஒரு தலையீட்டுப் படையணியை அமைத்தது. தான்சானியா, தென்னாபிரிக்கா, மலாவி ஆகிய நாடுகளிலிருந்து 3,069 பேர். மூன்று காலாட்படை அணிகள், ஒரு பீரங்கி அணி, ஒரு விசேட படை மற்றும் உளவு அணி. ஆயுதக் குழுக்களைத் தேடிச் சென்று செயலிழக்கச் செய்வதே வேலை. இது விதிவிலக்கு, முன்னுதாரணமாகாது என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். அவ்வருட நவம்பரில் எம்23 தோற்றது.

இதை வெற்றி என்று கொண்டாடியவர்களோடு நாங்கள் சேரவில்லை. எதிரி என்று ஒரு குழுவின் பெயரைக் குறித்துத் தேடிச் செல்லும் நிமிடத்திலேயே அந்தப் படை போரின் ஒரு தரப்பாகிவிடுகிறது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. அமைதி காப்பவரைத் தாக்குவது போர்க்குற்றம், ஆனால் அவர் பொதுமகனுக்குரிய பாதுகாப்பைப் பெறத் தகுதியாக இருக்கும்வரைதான். 1994ஆம் ஆண்டின் ஐ.நா. பணியாளர் பாதுகாப்பு உடன்படிக்கை, 7ஆம் அத்தியாயத்தின் கீழ்ப் போராளிகளாக இறங்கும் நடவடிக்கைகளுக்குப் பொருந்தாது. 1999 ஓகஸ்டில் செயலாளர் நாயகம் வெளியிட்ட அறிவித்தலின்படி, சண்டையில் இறங்கும் ஐ.நா. படையினர் போர்ச் சட்டங்களை மற்ற எந்தப் படையையும் போலவே பின்பற்ற வேண்டும். இதில் வினை என்னவென்றால், படையணி சண்டை பிடிக்க, பக்கத்து ஊரில் அதே வெள்ளை வண்டியில் நெல்லும் மருந்தும் கொண்டுபோகிற சகாவையும் மறுபக்கம் எதிரியாகவே பார்க்கும்.

எம்23 காடுகளிலும் அயல் நாடுகளிலும் ஒதுங்கியிருந்து மீண்டும் வந்தது. 2025 ஜனவரியில் கோமா மறுபடி அதன் கைக்குப் போனது. அந்தப் பன்னிரண்டு வருட இடைவெளியில் அரசியல் தீர்வு எதுவும் நிலைக்கவில்லை.

கேள்வி: நம் நாட்டு இராணுவமும் போகிறதே, அதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை? (இறம்பொடை வாசகர்)

பதில்: எழுத வேண்டியதுதான். இலங்கையர் 1960இலேயே கொங்கோவில் இருந்தார்கள். 2004 முதல் ஹெய்ட்டியில் பெரிய அணி இருந்தது. 2005 மார்ச் 20 அன்று பெட்டி கொவாவ் என்ற ஊரில், முன்னாள் இராணுவத்தினர் கைப்பற்றியிருந்த பொலிஸ் நிலையத்தை மீட்கும் மோதலில் ஓர் இலங்கைச் சிப்பாய் இறந்தார். 2019 ஜனவரியில் மாலியின் டுவென்ட்சா அருகே வீதியோரக் குண்டில் இருவர் இறந்தார்கள். அது வாகனத் தொடர்களுக்குக் காவல் போகும் வேலை, மாலியில் ஐ.நா. படைக்கு மிக ஆபத்தானதாக இருந்தது.

ஹெய்ட்டியில்தான் பெரிய களங்கமும் ஏற்பட்டது. அங்குள்ள சிறுமிகளும் பெண்களும் பாலியல் சுரண்டலுக்கு உள்ளானதாக எழுந்த குற்றச்சாட்டில், 2007 நவம்பரில் 100க்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஐ.நா.வால் சிப்பாயைத் தண்டிக்க முடியாது, அவர் நாடுதான் வழக்குப் போட வேண்டும். ஊர் திரும்பியவர்கள்மீது தகுந்த நடவடிக்கை வந்ததாக அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் காட்டவில்லை. ஒரு தோட்டாவும் வெடிக்காமல் நடந்த இந்தத் துரோகத்தை, சுடலாமா கூடாதா என்ற விவாதத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். 2019இல், இறுதிப் போரின் மீறல்கள் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சவேந்திர சில்வா இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டதை அடுத்து இலங்கை இராணுவத்தின் புதிய அணிகளை ஏற்பதை ஐ.நா. பெருமளவுக்கு நிறுத்தி வைத்தது. போகிறவர் யார், தன் நாட்டில் என்ன செய்தவர் என்று பார்ப்பது நியாயமானதே.

கேள்வி: ஆயுதமே இல்லாமல் அமைதி காக்க முடியாதா? காந்தி வழி என்றால் அதுதானே? (நூலகர், நுவரெலியா)

பதில்: சில இடங்களில் முடியும், இந்த நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். 2003 முதல் சில வருடங்கள் நொன்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் என்ற அமைப்பினர் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மூதூர் பக்கங்களில் ஆயுதமின்றி வேலை செய்தார்கள். கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போன தாய்மாரோடு துணைக்கு நடப்பது, மிரட்டப்பட்டவர் வீட்டில் போய் இருப்பது, பதற்றமான கோயில் திருவிழாவில் கண்ணில் படும்படி நிற்பது. வெளியார் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற கூச்சம் ஆயுதக்காரருக்கு இருக்கும்வரை இது பலிக்கும். கூச்சம் போய்விட்டால் பலிக்காது. நோர்டிக் நாடுகளின் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவையும் நினைத்துப் பாருங்கள். 2006 மேயில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். சுவீடன், பின்லாந்து, டென்மார்க் போய்விட, நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் 2008 ஜனவரிவரை சமாளித்தன. ஆயுதமில்லாதவருக்குச் சம்மதம்தான் ஒரே கவசம்.

காந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. 1899இல் போயர் போரில் காயப்பட்டவரைத் தூக்க அணி திரட்டியவர் அவர். 1918இல் குஜராத்தில் பிரித்தானியப் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தவரும் அவர்தான். கோழைத்தனமா வன்முறையா என்று இரண்டே வழி இருந்தால் வன்முறையையே சொல்வேன் என்றும் எழுதியிருக்கிறார். 1927இல் ஹட்டனுக்கும் பதுளைக்கும் வந்து நம் பாட்டன்மாரிடம் பேசிய அதே மனிதர். அவரை எடுத்துக்காட்டி, அடிபடுகிறவனை விட்டு விலகி நிற்பதை நியாயப்படுத்த முடியாது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தேர்த் திருவிழாவில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் போன வருடம் சண்டை வந்தது. விலக்கப் போன எங்கள் இளைஞர் மன்றப் பையன்கள் அடி வாங்கித் திருப்பி அடித்துவிட்டார்கள். "இனி நீங்க எந்த மூஞ்சியோட சமாதானம் பேச வருவீங்க" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்த வருடம் நிற்பதா, விடுவதா? (இளைஞர் மன்றச் செயலாளர், மஸ்கெலியா)

பதில்: நில்லுங்கள். ஆனால் போன வருடம் நின்றதுபோல் வேண்டாம்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே இரண்டு பிரிவுத் தலைவர்களையும் கோயில் கமிட்டியையும் ஒன்றாக உட்காரவைத்து, யார் நிற்பது, எங்கே நிற்பது, எந்த நிலையில் கை வைக்கலாம் என்று எழுதி இரு பக்கமும் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பம் தர மறுக்கும் பக்கம் இருந்தால் உங்கள் மன்றம் அங்கே நிற்கக் கூடாது. பொலிஸுக்கு அறிவித்துவிட்டு ஒதுங்குங்கள். ஆட்களை இரண்டு பிரிவிலிருந்தும் சம எண்ணிக்கையில் எடுங்கள். போன வருடம் திருப்பி அடித்தவர் யாரும் அதில் வேண்டாம், அவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலைக் கொடுங்கள். இருவர் இருவராக, ஒரு பிரிவுக்கு ஒருவராகச் சோடி சேர்த்து நிறுத்துங்கள். கையில் ஒரே நிறப் பட்டி. தடி, பொல்லு, தேயிலைக் கவ்வாத்துக் கத்தி எதுவும் கிட்டத்தில் வரக்கூடாது. கூட்டம் முட்டுவது பெரும்பாலும் தேர் திரும்பும் முடக்கிலும் லயக் கோடிகளில் தட்டு வாங்க நிற்கும்போதும்தான். ஆட்களை அங்கே கூட்டுங்கள். குடித்தவர்களை அந்தந்தப் பிரிவுச் சோடிக்காரரே வீட்டுக்குக் கொண்டுபோய் விடட்டும், அடுத்த பிரிவார் தொடக் கூடாது.

அடி விழுந்தால்? விழுந்தவரைச் சுற்றி வளைத்து நின்று வெளியே தூக்குவது முதல் வேலை. அதைச் செய்யும்போது ஓங்கும் கையைப் பிடிக்கலாம், தள்ளலாம், உயிருக்கு ஆபத்தென்றால் அதைவிடவும் செய்யலாம். தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமையைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்தால் அந்த உரிமை போய்விடும். பொலிஸை அழைக்க நேரம் இருந்தபோது செய்தாலும் போய்விடும். அடித்தவன் திரும்பி ஓடினால் துரத்தக் கூடாது. போன வருடம் உங்கள் பையன்கள் எந்த இடத்தில் எல்லை தாண்டினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். விலக்கும்போது கொடுத்த அடியா, விலக்கி முடித்து லயம்வரை துரத்திப்போய்க் கொடுத்த அடியா? முதலாவது என்றால் பெரியவர்களிடம் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். இரண்டாவது என்றால் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்ட பிறகே இந்த வருடப் பேச்சைத் தொடங்குங்கள்.

நடந்ததை அன்றிரவே இரண்டு பிரிவுச் சோடிக்காரரும் சேர்ந்து எழுதி, ஒரே பிரதியை இரண்டு தலைவர்களிடமும் கொடுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோவை யாரும் பேஸ்புக்கில் போடக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். சண்டை காணி, கடன், காயம் என்று நீண்டால் பிரதேச மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆளுக்கொரு மத்தியஸ்தரை இரு பக்கமும் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். உங்கள் மன்றத்தில் யாராவது அந்தச் சபையில் இருந்தால், திருவிழாவில் உங்கள் மன்றம் விலக்க நின்ற சண்டையை அவர் விசாரிக்க உட்காரக் கூடாது.